செவலையின் திமில்

செவலைக் காளைக்கு ஓட்டத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. விடியலில் ஜல்லிக்கட்டுப் பயிற்சிக்கு ஓடக் கிளம்பும்போது திமிலின் நிழல் தரையில் குன்றுபோல நீண்டு கிடக்கும். ஓடி முடித்து வெயிலேறத் திரும்பினால் அதில் பாதிகூட இருக்காது.

"இந்த ஓட்டந்தான் என் சதையத் திங்குது" என்றது செவலை.

முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த கொக்கு சிரித்தது. "வெயில் ஏறினா என் நிழலுந்தான் குட்டையாகுது. நான் என்ன ஓடவா செஞ்சேன்?"

செவலை அதை ஓரக்கண்ணால் பார்த்தது. நான் மெலிந்தால் சதைமடிப்பு குறையும், உண்ணி பொறுக்க இதற்குச் சுலபம். இது வேறென்ன சொல்லும்?

மறுநாளிலிருந்து, மாட்டுக்காரர் ஓட்டிப்போக வந்தால் செவலை நொண்டிக் காட்டியது. பருத்திக்கொட்டையைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது. சாயங்கால நிழலில் திமில் மலையாக நிற்பதைப் பார்த்துப் பூரித்தது.

பொங்கல் வந்தது, வாடிவாசல் திறந்தது. மூன்றே பாய்ச்சலில் கூட்டத்தைக் கடக்கிற காளைக்குப் பத்தாவது அடியிலேயே மூச்சு வாங்கியது. பதறிப்போய்த் திமிலைத் திரும்பிப் பார்த்தது. கடுகளவும் குறையவில்லை. அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஒருவன் தொங்கினான்.

இவனை அந்தக் கொக்குதான் அனுப்பியிருக்கும் என்று செவலைக்குப் பட்டது.