வாசலுக்கு வந்த வேன்

"எங்க தெருவுக்கு வேன் வேண்டாம் மேடம்!"

சுகாதார அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிறுபான்மைக் குழந்தைகளிடமே யோசனை கேட்டு மருத்துவ முகாம் நடத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதற்காகத்தான் கால்வாயோரக் குடியிருப்பிலிருந்து ஆறு பேரை வரவழைத்து, பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்திருந்தாள். ஐந்து பேர் பிஸ்கட்டோடு சரி. வேன் வேண்டாம் என்ற ஆறாவது, சரியான வாயாடி.

"ஏம்மா, சொறிக்கு மருந்து வீட்டு வாசலுக்கே வருது. கசக்குதா?"

கூட வந்திருந்த அம்மாக்காரி பதறிப்போனாள். தங்கள் பாஷையில் மகளை அதட்டிவிட்டு, "மன்னிச்சுக்கோங்கம்மா, இதுக்கு வாய் நீளம்" என்றாள்.

வாயாடி அடங்கவில்லை. "போன தடவை மைக் வெச்சுக் கூப்பிட்டீங்கல்ல மேடம்?"

"ஆமா. எல்லாருக்கும் தெரியணும்ல?"

"தெரிஞ்சுபோச்சு. மறுநாள் கிளாஸ்ல என் பக்கத்துல யாருமே உட்காரலை. எனக்குச் சொறியே கிடையாது மேடம்."



அதிகாரிக்குச் சுருக்கென்றது. "சரி, நீயே சொல்லு. எப்படிச் செய்யலாம்?"

"ஸ்கூல்ல வைங்க. எங்களை மட்டும் கூப்பிடாதீங்க. எல்லாப் பிள்ளைங்க கையையும் பாருங்க. அப்புறம் யாரு யாரைப் பார்த்து மூக்கைப் பொத்துவாங்க?"

"நமக்கு இது தோணலையே!" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகாம் டாக்டர். கைதட்டல் ஓய வெகுநேரமானது. திங்கட்கிழமை பள்ளியிலேயே முகாம் என்று அங்கேயே முடிவானது.

அதிகாரி வாயாடியை இழுத்து அணைத்துக்கொண்டாள். "சொறி யாருக்கு வேணும்னாலும் வரும்டா கண்ணு. அதுல வெட்கப்பட என்ன இருக்கு?"

சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கிவிட்டது. கூட்டத்தைப் படமெடுக்க வந்திருந்த போட்டோகிராபர் அதையும் எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் போனதும் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கணவனுக்கு போன் போட்டாள்.

"என்னங்க, நம்ம பாப்பா ஸ்கூல்லதான் முகாம். திங்கட்கிழமை அவளை அனுப்பாதீங்க."

"ஏன், அந்தப் பிள்ளைங்ககிட்டேயிருந்து ஒட்டிக்கும்னு பயமா?"

"ஐயோ, அதில்லைங்க!" அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "எல்லார் கையையும் பிரிச்சுப் பார்ப்பாங்க. ஒரு மாசமா யாருக்கும் தெரியாம அவ விரலிடுக்குல நாம மருந்து தடவிக்கிட்டு இருக்கிறது ஊருக்கே தெரிஞ்சுடுமே!"