மாமனார் பெயர்

“மார்ச் பதினாலாம் தேதி இதே நாற்காலியில உட்கார்ந்து, என் வீட்டுக் காப்பியைக் குடிச்சுட்டு, ‘பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பலை’ன்னு என் பேரனைப் பத்தி எழுதிட்டுப் போனீக. ஆறு மாசம் ஆச்சு. அந்த எழுத்தை அடிச்சுட்டுத்தான் இன்னைக்கு நீங்க எந்திரிக்கணும்.”

சங்கரபாண்டியன் குரலை உயர்த்தவில்லை. விஸ்வநத்தத்தில் நானூறு பேர் வேலை செய்யும் பட்டாசுக் கம்பெனியின் முதலாளிக்குக் குரலை உயர்த்தும் தேவை எந்நாளும் இருந்ததில்லை.

உம்மு சல்மா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள். விருதுநகரிலிருந்து வீடு வீடாகச் சென்று, கைக்குழந்தைகளைப் பார்த்துப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. இந்த வீட்டின் மூத்த பேத்தி ஹர்ஷினிக்கு ஆட்டிசம் என்பது நான்கு வயதில்தான் தெரிந்தது. ஐந்து வயதாகியும் ஒரு சொல் பேசாத அந்தப் பெண், மூலையில் அமர்ந்து பட்டாசுப் பெட்டி லேபிள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பிக்கும் அப்படித் தாமதமாகிவிடக் கூடாது என்றுதான், அவனை ஒன்பதாம் மாதத்திலேயே உம்மு சல்மா பார்க்க வந்தாள். பயிற்சி வேண்டாம் என்று பெரியவர் அன்றே தடுத்துவிட்டார்.

“நோயின்னு நான் எழுதலியே, அண்ணாச்சி. அக்காவுக்கு இருக்கிறதால தம்பிக்கும் வர வாய்ப்புக் கூடுதல், அம்புட்டுத்தான். இதுக்கு ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல. பெத்தவ நேருக்கு நேரா உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிடணும், அவன் பார்க்கிற வரைக்கும் காத்திருக்கணும். அவன் ஒரு சத்தம் போட்டா, இவளும் அதே சத்தம் போட்டுப் பதில் சொல்லணும். குளிப்பாட்டையில, சோறு ஊட்டையில செஞ்சாலே போதும். ஆனா இந்த வயசுல செய்யணும். ஏற்கெனவே ஆறு மாசத்தை விட்டுட்டோம்.”

“பொட்டப்பிள்ளை ஒண்ணு அப்படி ஆயிருச்சு. சரி, எங்க தலையெழுத்து. கம்பெனியை ஆளப்போற பயலையும் அந்த லிஸ்ட்டுல சேர்த்தா, எவன் எங்க வீட்டுல சம்பந்தம் வைப்பான்?”

“பதினஞ்சு மாசப் பிள்ளைக்கு இப்பவே பொண்ணு பாக்கீகளா?”

“சிரிக்காதீக. நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க. இந்தப் பயலுக்கு என்ன பேரு?”

“சங்கரபாண்டியன்.”

“என் பேரு. அந்தப் பேரைச் சொல்லி இந்த வீட்டுல அவனை யாரு கூப்பிடுவா? மருமக மாமனார் பேரைச் சொல்லுவாளா? என் மகன்தான் பெத்த அப்பன் பேரைச் சொல்லி ‘வாடா’ம்பானா? அவன் ‘ஐயா’ங்கான். இவ ‘தங்கம்’ங்கா. கம்பெனியில ‘சின்ன மொதலாளி’. நான் ‘ஏலே’. பொறந்ததுலருந்து காதுல விழாத பேருக்கு அவன் எப்படித் திரும்புவான்? பக்கத்து வீட்டுக்காரி பேரைச் சொன்னா நீங்க திரும்புவீகளா?”

உம்மு சல்மா ஃபைலைத் திறந்து அந்தப் பழைய வரியைப் பார்த்தாள். பதினோரு ஆண்டு வேலையில் இது அவளுக்குத் தோன்றியதே இல்லை. மார்ச்சில் அந்தப் பெயரை மூன்று முறை சொல்லி அழைத்தவள் அவளேதான். ஆளும் புதியவள், பெயரும் புதியது.

“‘தங்கம்’னு கூப்பிட்டாத் திரும்புறானா?”

“மூத்தவளும் தங்கம், இவனும் தங்கம். ரெண்டு பேருல யாரு திரும்ப?” என்றார் பெரியவர். “சந்தேகமா இருந்தா அவளையே கேளுங்க. ஒரு தடவையாவது என் பேரை வாயில எடுத்திருக்காளான்னு கேளுங்க.”

மருமகள் பிரீத்திகா தரையில் அமர்ந்திருந்தாள். அவள் மடியில் கிடந்த குழந்தை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“உண்மையா, பிரீத்திகா? நீ அந்தப் பேரைச் சொன்னதே இல்லையா?”

பிரீத்திகா தலைநிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். பிறகு, இல்லை என்று தலையசைத்தாள். அவள் கண்கள் நிரம்பி வழிந்தன. ஆறு மாதப் பயம் ஒரே நொடியில் விலகினால் யாருக்குத்தான் அழுகை வராது என்று உம்மு சல்மா எண்ணிக்கொண்டாள். அவளுக்கே நெஞ்சு லேசாகியிருந்தது.

அவள் பழைய வரியை அடித்தாள். ‘சரியாகச் சோதிக்கப்படவில்லை, மூன்று மாதம் கழித்துப் பார்க்க வேண்டும்’ என்று எழுதினாள்.

“எல்லாரும் கூப்பிடுற மாதிரி ஒரு பேரு வைங்க, அண்ணாச்சி. அதை மட்டுமே சொல்லுங்க. அதுக்கப்புறம் வந்து பாக்கேன்.”

“ஆகட்டும். தீபாவளி சீசன் முடியட்டும். நல்ல நாள் பார்த்து வச்சுருவோம்.” அவர் முகம் மலர்ந்தது. “இருந்து சாப்பிட்டுப் போங்க. எனக்கு லோடு ஏத்துற வேலை கிடக்கு.”

அவர் கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. உம்மு சல்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, பிரீத்திகா குழந்தையுடன் வாசலுக்கு வந்தாள். அவனைப் படியில் உட்காரவைத்துவிட்டு, நான்கடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

“சங்கரபாண்டி!”

தயக்கமோ தடுமாற்றமோ இல்லாமல், பழகிய நாக்கிலிருந்து வந்தது அந்தப் பெயர். குழந்தை வாசல்கதவின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நீங்க மார்ச்சுல வந்துட்டுப் போன மறுநாள்லருந்து, மாமா கம்பெனிக்குக் கிளம்பினதும் தினமும் கூப்பிடுறேன், அக்கா. ஒரு நாளைக்கு நூறு தடவை. ஒரு தடவைகூட இவன் திரும்பல.”

இதை வாசிக்கும் மாமனார்களே, இன்றே உங்கள் மருமகளை அழைத்து உங்கள் பெயரை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பது என்ன என்று கேளுங்கள்.