நாற்பத்தோராம் வரிசை

"நாப்பதுன்னா நாப்பதுதான். நான் பேட்டி எடுத்தது எத்தனை பேருன்னு எனக்குத் தெரியாதாம்மா?" போனில் ஆய்வு மாணவர் பொரிந்து தள்ளினார்.

"அட்டவணையில நாப்பத்தொன்னு இருக்கே சார். வெறும் நம்பரோட ஒரு காலி வரிசை. மூணு தடவ அழிச்சேன், மூணு தடவயும் வந்து உக்காந்துக்குது," என்றாள் மெய்ப்புத் திருத்துபவள்.

அச்சக மேலாளர் அவள் திரையை எட்டிப் பார்த்தார். "அதைச் சேர்த்தது நீன்னுதானே பதிவாகியிருக்கு? சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா நாளையிலேர்ந்து வராதம்மா."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "செய்யாத தப்புக்கு நான் எதுக்கு சார் பழி சுமக்கணும்?"

அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

வேலையை இழந்தவர்களைப் பற்றிய ஆய்வேடு அது. வரிசைக்கு ஒருவர், அவருடைய வயது, வேலை, வேலை போன தேதி, அன்று அவர் சொன்ன வார்த்தை. நான்காம் தடவை அழிக்கப் போனவள் கையை நிறுத்தினாள். காலி வரிசை நிரம்பியிருந்தது. வேலை, மெய்ப்புத் திருத்துதல். தேதி, இன்று. சொன்னது, "செய்யாத தப்புக்கு நான் எதுக்கு சார் பழி சுமக்கணும்?"

வயது மட்டும் இருபத்தேழு என்றிருந்தது. அவளுக்கு இருபத்தாறுதான்.

"இதையாவது ஒழுங்கா எழுதக் கூடாதா?" என்று முணுமுணுத்தபடி, பழக்க தோஷத்தில் இருபத்தாறு என்று திருத்திச் சேமித்துவிட்டாள். அன்று அவள் செய்த திருத்தங்களில் அது ஒன்றுதான் மாறாமல் நின்றது.

அவள் அதில் கை வைக்காமல் இருந்திருந்தால் வேலை தப்பியிருக்குமோ? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?