எதிர் ஜன்னல் விரோதி

இதை எனக்குச் சொன்னது எனக்குத் தெரிந்த பஸ் கண்டக்டர் ஒருவரின் மனைவி. போன மாதம் மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தபோது சொன்னாள்.

பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்கிற குரல் கண்டக்டருக்கு. பக்கவாதம் வந்தது. கை, கால் தப்பின, பேச்சு போய்விட்டது.

“தினமும் சத்தமா வாசிக்க வைங்கம்மா. தப்பா வந்தாலும் நிறுத்தக் கூடாது” என்றார் டாக்டர்.

மனைவி அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, பைபிளில் வருகிற சங்கீதப் புத்தகத்தைத் திறந்தாள். ஆழங்களிலிருந்து கர்த்தரைக் கூப்பிடுகிற சங்கீதம். பள்ளத்தில் ஆரம்பித்து நம்பிக்கையில் முடிகிற சங்கீதம் அது.

அவள் வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் வாயைத் திறந்தார்.

“ஆ... ஆங்...”

எதிர் ஜன்னலிலிருந்து உடனே குரல் வந்தது.

“கண்டக்டர் சார்! கூப்பிடறீங்களா, கொட்டாவி விடறீங்களா?”

அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்ற பெரியவர். மனைவி போனபிறகு தனியாக இருக்கிறார். ‘எனக்குச் சாமியும் வேண்டாம், சங்கீதமும் வேண்டாம்’ என்பவர். வாட்ச்மேன் ஒட்டுகிற நோட்டீஸில்கூடத் தப்புக் கண்டுபிடிப்பார்.

மறுநாளும் விடவில்லை.

“பரவாயில்லையே! இன்னிக்குக் கொட்டாவி கொஞ்சம் சின்னது!”

மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. “இவரெல்லாம் ஒரு மனுஷனா? ஜன்னலைச் சாத்திடறேங்க.”

கண்டக்டர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். எதிர் ஜன்னலைப் பார்த்து ஆள்காட்டி விரலை ஆட்டினார். ‘இரு, உன்னைப் பார்த்துக்கறேன்’ என்று அர்த்தம்.

ஆழத்திலேயே ஒரு மாதம் கிடந்தார் மனுஷன். பிறகு ஒருநாள் அந்த ‘ஆழங்களிலிருந்து’ முழுசாக வந்தது. அப்புறம் அடுத்தது. அதற்கும் அடுத்தது.

“மூணாவது வரியில ஒரு வார்த்தையை முழுங்கிட்டீங்க! பஸ்ஸுல இப்படித்தான் பாதி ஸ்டாப்பை விட்டுட்டுப் போவீங்களா?”

“போ... ய்யா!”

பக்கவாதத்துக்குப் பிறகு கண்டக்டர் சொந்தமாகச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

நாலு மாதம் ஆயிற்று. ஒரு காலையில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடங்கலே இல்லாமல் வாசித்து முடித்தார். முடித்துவிட்டு எதிர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

அங்கே சத்தமே இல்லை.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “திட்டறதுக்கு மட்டும் வாய் இருக்கு, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வரலையா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வரேன்.” படியிறங்கி, எதிர் வீட்டுப் படியேறினாள்.

கதவு திறந்தே இருந்தது. ஜன்னலோர நாற்காலியில் பெரியவர், சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மடியில் புதுச் சங்கீதப் புத்தகம். அதே பக்கம். ஓரமெல்லாம் பென்சிலால் பொடிப் பொடியாகத் தேதிகள். முப்பது பிழை. பதினெட்டு. ஐந்து. கடைசியில் இன்றைய தேதி. அதன் பக்கத்தில்: பிழை இல்லை.

வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை அவளுக்கு.

“ஐயா... அப்புறம் எதுக்கு அந்தக் கிண்டல்?”

“என் வீட்டுக்காரிக்கும் இதே வியாதிதாம்மா. எல்லாரும் ‘பாவம், பாவம்’னோம். நானும்தான். அவ வெட்கப்பட்டுக் கடைசி வரைக்கும் வாயே திறக்கல. உங்க வீட்டுக்காரர் ரோஷக்காரர். அது அவர் விரலை ஆட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு. சீண்டினா பேசியே தீருவார்.”

“உங்களுக்குத்தான் சங்கீதமே வேண்டாமே?”

“வேண்டாம்தான்.” பெரியவர் புத்தகத்தைத் தடவினார். “ஆனா, முடிவு நல்லா இருக்கும்மா... நாளைக்கு அடுத்ததை ஆரம்பிக்கச் சொல்லுங்க. நான் நேத்தே படிச்சு வச்சுட்டேன்.”

பேச்சு இப்போது முக்கால்வாசி திரும்பிவிட்டதாம். பெரியவர் தன் பரம விரோதி என்றுதான் கண்டக்டர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வீம்பில்தான் தினமும் ஜன்னலுக்கு வருகிறார்.

இன்னும் எத்தனையோ சங்கீதங்கள் பாக்கி இருக்கின்றன. அதனால் உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கண்டக்டரை எங்காவது பார்த்தால், இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.