அகல வீலுக்கு ஏத்த டயர்

"மறுபடியும் டயர் சமாச்சாரமா?" என்னைப் பார்த்ததுமே டயர் கடை சுடலை அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார்.

"நானென்ன ஆசைப்பட்டா வர்றனுங்க? மொதல்ல போட்ட டயரு அந்த அகல வீலுக்கு ஒல்லியா இருக்குதுன்னு ஜெர்மன்காரன் திருப்பிட்டான். பெருசாப் போட்டா, இப்ப மட்கார்டுல இடிக்குமாம்!"

"ஸ்போர்ட்ஸ் கார்ல அகலத்தக் கூட்டினா ஒசரத்தக் கொறைக்கணும் பாய். வண்டியக் கொண்டாங்க, அளந்து பாத்துருவோம்."

"வண்டி வராதுங்க அண்ணாச்சி."

"ஓடாத வண்டிக்கா இந்தப் பாடு?"

"அவன் கார்ப் பைத்தியமுங்க. அவன் ஓகே சொல்லாம எனக்குப் பொழப்பு ஓடாதுங்க."

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரு டயரை உருட்டி வந்து காட்டினார்.

"அகலம் இருநூத்தி இருபத்தஞ்சு, ஒசரம் அதுல பாதி. இதுக்கு மேல அவன் வாயத் தொறந்தா எங்கிட்ட அனுப்புங்க."

அதே அளவில் போட்டேன். ஜெர்மன்காரன் ஃபேக்ஸில் ஓகே சொன்னான். விட்டது தொல்லை என்று மொத்த வேலையையும் ஒரே மூச்சில் முடித்து அனுப்பினேன்.

மறுவாரம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் நூர்ஜான் என் பிரிண்டிங் பட்டறைக்கு வந்தாள். தைத்து முடித்த குழந்தை பனியன் ஒன்றை மேசைமேல் விரித்தாள். நெஞ்சில் ஜெர்மன்காரனுக்காக நான் வரைந்த கார் பளபளத்தது. தைப்பதற்கு முன் வெட்டிய துணியில், எல்லா சைஸுக்கும் ஒரே அச்சு ஃபிரேமில்தான் அடித்துத் தள்ளியிருந்தேன். இது ஆகச் சின்ன சைஸ்.

"ஏனுங்ணா," என்றாள். "காரு இருக்குது. டயரு ரெண்டும் சைடு தையலுக்குள்ள போயிருச்சுங்களே?"