ஹேவ் போட்டு ஒரு வாக்கியம்

பூசான் மீன் சந்தையின் மாடியில், கடைக்காரப் பெண்களுக்கு நடக்கும் ஆங்கில வகுப்பில், கரும்பலகையில் எழுதிய ஹேவ் என்ற சொல்லின்மேல் மத்தியான வெயில் விழுந்து கிடக்கிறது. தன்னிடம் உள்ளதைச் சொல்லத்தான் அந்த வினைச்சொல் என்று டீச்சர் விளக்கிவிட்டாள். பிள்ளைகள் எத்தனை என்று ஒரே வாக்கியத்தை ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கறுக்கும்வரை திரும்பத் திரும்ப எழுத வேண்டும். செதில் ஒட்டிய விரல்களில் பென்சிலைப் பிடித்தபடி மல்சுன் ‘ஐ ஹேவ்’ வரை வந்து நின்றுவிட்டாள். “இதுக்கென்னக்கா இவ்வளவு யோசனை?” என்று பக்கத்துக் கடை டொக்ஜா எட்டிப் பார்க்கிறாள். “ஒண்ணா ரெண்டான்னு தெரியலடி. உள்ளதுன்னா கண்ணு முன்னாடி இருக்கணுமா?” மூத்தவன் உள்ளூரில் லாரி ஓட்டுகிறான். இளையவன் ஏறிப்போன மீன்பிடிக் கப்பலைப் பற்றி மூன்று வருடமாகத் தகவலே இல்லை. டொக்ஜாவின் குரல் இறங்குகிறது. “ஒண்ணுன்னே போட்டுடுக்கா.” “காலையிலகூட அவன் கிண்ணத்துல சோறு போட்டு மூடி, ஆறிடாம போர்வைக்குள்ள வச்சிட்டுத்தானே வந்தேன்?” மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது. எண் எழுத வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, மல்சுன் அடுத்த வரியிலும் ‘ஐ ஹேவ்’ என்று எழுதுகிறாள், அதற்கடுத்த வரியிலும். தாள் கறுத்துக்கொண்டே வருகிறது. வலது ஓரத்தில் மட்டும், மேலிருந்து கீழ்வரை, ஒரு வெள்ளைப் பட்டை அப்படியே நிற்கிறது.