கனமான பக்கம்

எவ்வளவு வேகமாகச் சுற்றிவிட்டாலும், சக்கரத்தில் கொடுங்கோலாட்சி என்று எழுதிய அட்டைதான் அடியிலிருந்த அம்புக்குறிக்கு நேராக வந்து நின்றது. ஏன் என்று வரலாற்று ஆசிரியை இருதயமேரிக்குப் புரியவில்லை. ஒரு நாட்டில் ஆட்சிகள் மாறி மாறித் திரும்பவும் வரும் என்பதைக் காட்ட, பழைய சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளில் ஆறு ஆட்சிமுறைகளுக்கு ஆறு அட்டைகளைக் கட்டியிருந்தாள். இன்னும் அரைமணி நேரத்தில் அமைச்சர் வந்து, அதைச் சுற்றிவிட்டுத்தான் பள்ளிக் கண்காட்சியைத் தொடங்கிவைக்கப் போகிறார்.

“இதுல போய் நின்னா உங்களுக்கு மலைக்கு மாத்தல், எனக்கு சஸ்பென்ஷன். அந்த அட்டையக் கிழிச்சிருங்க டீச்சர்,” என்றார் தலைமை ஆசிரியர் குருபாதம்.

“அது இல்லாம அடுத்தது எப்படி சார் வரும்?”

“அப்ப மக்களாட்சிய அந்த இடத்துல கட்டுங்க. எப்பவும் அதுலயே நிக்கட்டும்.”

“எப்பவும் ஒண்ணுலயே நின்னா அதுக்குப் பேரு சக்கரமா சார்?”

“பாடம் நடத்துற நேரமா இது?” அவர் வியர்வையைத் துடைத்தபடி வாசலுக்கு ஓடினார்.

இருதயமேரி அந்த அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பின்னால், சக்கரத்தின் விளிம்பில், காற்றடிக்கும் வால்வு நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓர் இடம் மட்டும் கனம். கனமான பக்கம் கீழேதான் வரும். ஆய்வகத்திலிருந்து ஒரு சிறிய இரும்பு நட்டை எடுத்துவந்து, வால்வுக்கு நேர் எதிரே கட்டினாள். சுற்றினாள், முடியாட்சியில் நின்றது. மறுபடி சுற்றினாள், கும்பலாட்சி. வாசலில் அமைச்சரை வரவேற்கும் வேட்டுச் சத்தம் கேட்டது. அவள் நட்டை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். கனத்துக்கு நேர் எதிரே அதே அளவு கனம் இருந்தால், சக்கரம் எங்கே வேண்டுமானாலும் நிற்கும்.